சீனியைக் கட்டாத தீபாவளி

தீபாவளிக்கு முதல் நாள் காலை, பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்பும் முன் கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமினார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் நாளைக்கும் மறுநாளும் நாய்களையெல்லாம் கட்டிப்போட வேண்டுமாம். கழுத்தில் தோல்பட்டி இல்லாத நாய் எதுவும் தேயிலைக்குள்ளோ பங்களாத் தோட்டத்திலோ கண்ணில் பட்டால் தோட்டக் காவல் வாச்சர் சுட்டுவிடுவாராம். பிறகு யாரும் ஆபீஸ் வாசலில் வந்து அழக்கூடாதாம். சொல்லி முடித்துவிட்டு அவர் கொட்டாவி விட்டார்.

அந்தக் கொட்டாவிதான் கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை. சுடுவேன் என்று சொல்கிற வாயைக் கொஞ்சம் மூடியாவது வைத்திருக்கலாம். அதோடு, தோல்பட்டிக்கு லயத்து ஆள் எங்கே போவான்? பங்களா நாய்க்குத் தோல்பட்டி, லயத்து நாய்க்குக் கயிறு. இது கணக்கப்பிள்ளைக்கும் தெரியும், வாச்சருக்கும் தெரியும், சட்டம் போட்ட துரைக்கும் தெரியும்.

போன வருடமும் இதே உத்தரவுதான், அவளும் கேட்டு நடந்தாள். செம்பன் என்று ஒரு நாய் அப்போது அவளிடம் இருந்தது. வேறு கயிறு இல்லாததால், கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டுகிற கயிற்றை அவிழ்த்து, இஸ்தோப்புத் திண்ணையின் தூணில் அதைக் கட்டினாள். அடுத்த வீட்டுக் காம்பராவில் முதல் சரவெடி வெடித்ததும் செம்பன் துள்ளிய துள்ளலில் முடிச்சு அவிழ்ந்துகொண்டது. கயிற்றை இழுத்துக்கொண்டே மேட்டில் ஏறி ஓடியது. பங்களா வேலியின் ரோஜாச் செடியில் கயிறு சிக்கிக்கொண்டது. அதற்குமேல் ஓட முடியவில்லை. வாச்சர் மாயாண்டிக்குக் குறிபார்க்கிற சிரமம்கூட இருக்கவில்லை.

மத்தியானம் மாயாண்டியே லயத்துக்கு வந்து கயிற்றைக் கொடுத்தான். “நல்ல கயிறு. எதுக்கு வீணாக்கணும்னு அவுத்து எடுத்தாந்தேன்,” என்றான். அவன் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. நாகலெட்சுமி கயிற்றை மலை ஊற்று வழியும் பீலியில் கழுவினாள். இரண்டு நாள் காயப்போட்டாள். மறுபடி கூடையில் கட்டினாள். கயிறு இல்லாமல் கூடை இல்லை, கூடை இல்லாமல் வேலை இல்லை. அந்தக் கயிறு இன்றைக்கும் அவள் தலையில்தான் அழுந்துகிறது.

இப்போது அவளிடம் சீனி இருக்கிறது. பூண்டுலோயா டவுனில் ரொட்டிக் கடை வாசலில் கிடந்த குட்டியை அவள் அண்ணன் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். வெள்ளைக் குட்டி, அதனால் சீனி. வேலைக்குப் போகும்போது கூடவே மலைக்கு வரும், அவள் கொழுந்து பறிக்கிற நிரையின் கடைசியில் படுத்துக்கிடக்கும். சீனிக்கு இடி என்றால் உயிரே போய்விடும். அப்போதெல்லாம் ஓடிவந்து நாகலெட்சுமியின் கம்பளிக்குள் நுழைந்துகொள்ளும்.

பெரட்டில் கேட்டுவந்த அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் புருசன் கந்தப்பன் சொன்னான்:

“இந்தா புள்ள, கட்டிரு. சொல்லிட்டாங்கல்ல.”

“போன வருசமும்தான் சொன்னாங்க. கட்டுனேன். கட்டுன கயித்தாலதான் செத்துச்சு. சும்மா விட்டிருந்தா எங்கயாச்சும் ஓடிப் பொழைச்சிருக்கும்.”

“அப்ப என்னா செய்யப் போற? வீடு வீடாப் போயி வெடி போடாதீங்கன்னு சொல்லப் போறியா?”

“நான் ஏன் சொல்றேன்? வருசத்துல ஒரு நாளு. புள்ளைங்க போடட்டும். நான் சீனியக் கூட்டிக்கிட்டு மடுவத்துக்குப் போறேன்.”

“தீபாளியன்னிக்கா? எண்ணெ தேச்சுக் குளிக்காம?”

“வந்து குளிக்கிறேன். பீலித் தண்ணி எங்கயும் பயணம் போயிறாது.”

கந்தப்பன் கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியை வெட்டி வெட்டி, எதை வெட்டலாம் எதை விடலாம் என்று பழகியவன். பேச்சை அதோடு விட்டான்.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் நாகலெட்சுமி கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு சீனியோடு கிளம்பினாள். அடுத்த காம்பரா ராசம்மா எண்ணெய் வழியும் தலையோடு இஸ்தோப்பில் நின்று கையைத் தட்டினாள்.

“ஏன்டி நாகு! சீனிக்குத் தலைத் தீபாளியா? மாப்பிள்ளை எந்தத் தோட்டம்?”

“ஒன் வாய்க்குப் பயந்து யாரும் பொண்ணு கேக்க வர மாட்டேங்கிறாங்க,” என்று சொல்லிவிட்டு நாகலெட்சுமி நடந்தாள்.

கொழுந்து நிறுக்கிற மடுவம் லயத்துக்கும் பங்களாவுக்கும் நடுவே, பாதை வளைகிற இடத்தில் இருந்தது. தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர். மற்ற நாட்களில் அங்கே தராசும் அதட்டலுமாக இருக்கும். பொம்பளைகள் நிரையாக நிற்க, தண்ணிக் கழிவு என்று சொல்லி அவர்கள் பறித்த எடையில் கை வைப்பார்கள். இன்றைக்கு ஈ காக்கை இல்லை. மூலையில் சாக்குகள் அடுக்கியிருந்தன. அவள் இரண்டை இழுத்து விரித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மழைக்குப் போர்த்துகிற மாதிரியே கம்பளியைத் தலையோடு போர்த்தினாள். சீனி உள்ளே வந்து அவள் மடியில் மூக்கை வைத்தது.

லயத்தில் முதல் வெடி வெடித்தது. சீனியின் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது.

தடவிக் கொடுத்தாள். நிற்கவில்லை. கண்ணே மணியே என்றாள். அதற்கும் நிற்கவில்லை. அப்படியெல்லாம் கொஞ்சி அவளுக்கும் பழக்கமில்லை, கேட்டு அதற்கும் பழக்கமில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மலையில் இடி இடிக்கும்போது கம்பளிக்குள் உட்கார்ந்து அவள் என்ன செய்வாள்? திட்டுவாள். சத்தம் போட்டு இல்லை, வாய்க்குள்ளேயே, மழை பெய்கிற வேகத்தில். சீனி அதைக் கேட்டுத்தான் தூங்கும்.

ஆரம்பித்தாள். “கங்காணி, ஒனக்கு மழைன்னா கொடை, எங்களுக்கு மழைன்னா அட்டைக்கடி. நல்லா இருப்பய்யா நீ. கணக்கப்பிள்ளை, பேரு கூப்புடத்தான் ஒனக்கு வாயி, அதுலயும் கொட்டாவி...” கங்காணி முடிந்து கணக்கப்பிள்ளைக்கு வந்து, அங்கிருந்து மலை மேற்பார்வைக் கண்டாக்கு, பாக்டரி டீமேக்கர் என்று ஏறி, துரையைத் தொட்டபோது சீனியின் நடுக்கம் தணிந்திருந்தது. துரைக்கு மேலே கொழும்பில் சட்டம் போடுகிறவர்கள் இருந்தார்கள். அவர்களையும் விடவில்லை. “எங்க பாட்டன் காட்ட வெட்டுனான், எங்க அப்பன் செடிய வச்சான், நான் கொழுந்து எடுக்கிறேன். இன்னிக்கு நீ இந்த நாட்டுக்காரி இல்லைன்னு ஒரே போடா போட்டீங்களே, நாசமாப் போறவங்களே...” சீனி கண்ணை மூடியது.

அந்த நேரத்தில் கம்பளியின் மறுபக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஏதோ ஒன்று உள்ளே வந்து விழுந்தது.

நாகலெட்சுமி பதறிப்போய்ப் பார்த்தாள். பனியில் நனைந்து தொங்குகிற நீளக் காதுகள். பழுப்பும் வெள்ளையுமான ரோமம். கழுத்தில் பித்தளைத் தகடு வைத்த தோல்பட்டி. பங்களா நாய் டியூக். உடம்பு உதறுகிற உதறலில் தகடு கிணுகிணு என்றது. அது சீனியின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. சீனி ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது.

பின்னாலேயே மூச்சு வாங்க ஓடிவந்தான் பங்களா அப்பு அழகுமுத்து. சமையல் அவன் கையில்தான். வெள்ளைக் கோட்டுக்குப் பொத்தான் போட்டிருக்கவில்லை, காலில் செருப்பில்லை. போன வருடம் ரோஜா வேலிக்குள் லயத்து நாய் ஒன்று நிற்கிறது என்று வாச்சருக்குக் குரல் கொடுத்தவன் அவன்தான்.

“நாகு... தங்கச்சி... டியூக்கு இந்தப் பக்கம் வந்துச்சா?”

அவள் கம்பளியைச் சற்றுத் தூக்கிக் காட்டினாள்.

“அண்ணே, பங்களா நாயி எங்க எடத்துக்குள்ள வந்திருக்கு. கட்டாம வந்திருக்கு. என்னா செய்யலாம், சொல்லுங்க. சுட்டுரலாமா?”

அழகுமுத்து சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அவன் குனிந்து தோல்பட்டியைப் பிடித்து இழுத்தான். டியூக் பல்லைக் காட்டி உறுமியது. மறுபடி இழுத்தான். கடிக்கவே வந்துவிட்டது. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“தொரையும் தொரைசாணியும் நுவரெலியாவுக்குப் போயிருக்காங்க தங்கச்சி. நாயி பத்தரம்னு பத்துத் தடவ சொல்லிட்டுப் போனாங்க. இதுக்கு ஒண்ணுன்னா என்னையத் தோட்டத்தை விட்டே வெரட்டிருவாங்க. எனக்கு வேற போக்கெடம் இல்ல.”

நாகலெட்சுமி டியூக்கைப் பார்த்தாள். ஒரு அதட்டுப் போட்டால் போதும். நாய் பிய்த்துக்கொண்டு ஓடும். கீழே பள்ளம், ஆறு. அழகுமுத்து தேடித் தேடிச் சாகட்டும். அந்த எண்ணம் அவளுக்கு வந்தது, இனிப்பாகவும் இருந்தது. அப்போது லயத்தில் ஒரு சரவெடி நீளமாக வெடித்தது. டியூக் அவள் கக்கத்துக்குள் மூக்கை நுழைத்தது. ஈர மூக்கு, சூடான மூச்சு. செம்பனுடையதும் இப்படித்தான் இருந்தது.

நாய் என்ன செய்யும்? துப்பாக்கி நாயிடமா இருந்தது?

அவள் கம்பளியை இரண்டுக்கும் சேர்த்து இழுத்து மூடினாள். “ஒக்காருங்கண்ணே. வெடி ஓயட்டும். இழுத்தா இன்னும் மெரளும்.”

பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். கொழும்பை முடித்துக்கொண்டு மறுபடி துரைக்கு இறங்கினாள். துரையின் தொப்பி, துரையின் குதிரைப் பந்தயம், துரையின் ரோஜாச் செடி. அழகுமுத்துவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பாதையை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தான்.

“அய்யோ, தங்கச்சி! தொரைய இப்படிப் பேசுறியே, அவரு நாயி முன்னாடியே!”

“அதுக்குத் தமிழ் தெரியாதுண்ணே. தெரிஞ்சா ஆமான்னு தலையாட்டும்.”

டியூக்கின் கழுத்துத் தகடு கிணுகிணுப்பதை நிறுத்தியிருந்தது. கொஞ்ச நேரத்தில் சன்னமாகக் குறட்டை கேட்டது. அழகுமுத்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

வெடி ஓய்ந்து வெயில் ஏறியது. அவன் டியூக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது நாகலெட்சுமி சொன்னாள்:

“அண்ணே, போன வருசம் நீங்க ஒரு கொரல் குடுத்தீங்க. எனக்குத் தெரியும்.”

அவன் நாயின் காதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அதை இப்பப் பேச வரல. பங்களாவுல இதுக்குப் பழைய பட்டி ஒண்ணாச்சும் கெடக்கும். எனக்கு அது வேணும்.”

“தொரை கேட்டா?”

“தொலைஞ்சிருச்சுன்னு சொல்லுங்க. நாங்க எத்தனையத் தொலைச்சிட்டு நிக்கிறோம், ஒரு தோல்பட்டி தொலையக் கூடாதா?”

அவன் டியூக்கைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டான். மேட்டில் ஏறிப் போனான். அவளும் வீட்டுக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். ஆனால் சீலை மாற்றிக்கொண்டபோதும் கண் பாதையில்தான் இருந்தது. சாயங்காலமும் வெடி உண்டு. அடுத்த வருடமும் தீபாவளி உண்டு. ஒவ்வொரு வருடமும் மடுவத்தில் ஒளிய முடியுமா?

பொழுது சாய்கிற நேரம். லயத்துப் பிள்ளைகள் மத்தாப்பும் வெடியும் வைத்துக்கொண்டு இருட்டுக்குக் காத்திருந்தார்கள். முதலில் பார்த்தவள் ராசம்மாதான்.

“நாகு! ஓடி வாடி! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்க!”

வெள்ளைக் கோட்டுக்கு ஒழுங்காகப் பொத்தான் போட்டுக்கொண்டு, டியூக்கைச் சங்கிலியில் பிடித்தபடி அழகுமுத்து லயத்து வாசலில் நின்றான். பங்களா நாய் லயத்துக்கு வந்த அதிசயத்தில் பிள்ளைகள் வெடியை மறந்துவிட்டார்கள்.

“கீழ்க் கணக்கு லயத்துல வெடி ஆரம்பிச்சுட்டாங்க,” என்றான் அவன், யார் முகத்தையும் பார்க்காமல். “கட்டிலுக்கு அடியில பூந்துக்கிட்டு வர மாட்டேங்குது. சோறு திங்க மாட்டேங்குது. நானும் கம்பளி போத்தி, ஒன்னைய மாதிரியே பேசிப் பாத்தேன்.”

“என்னான்னு திட்டுனீங்க?”

“திட்ட வரல தங்கச்சி. தொரை நல்லவருதான், இருந்தாலும்னு ஆரம்பிச்சேன். அதுக்கு மேல வாயி வரல. அது இன்னும் மோசமா நடுங்குது.”

இஸ்தோப்பு முழுக்க ஒரே சிரிப்பு. கந்தப்பன் சிரித்த சிரிப்பில் புரையேறியது. அழகுமுத்துவும் சிரித்துவிட்டான். அப்புறம் கோட்டுப் பைக்குள் கையை விட்டு ஒரு பழைய தோல்பட்டியை எடுத்து நீட்டினான். தோல் வெடித்திருந்தது, தகடு கறுத்திருந்தது. ஆனால் பட்டி, பட்டிதான்.

சீனிக்கு மெல்லிய கழுத்து. பட்டி வளையமாக வழுக்கி இறங்கியது. கந்தப்பன் ஆணியை அடுப்பில் காய்ச்சி, தோலில் இன்னும் இரண்டு துளை போட்டான். இப்போது பொருந்தியது. நாகலெட்சுமி இரண்டு நாய்களையும் காம்பராவுக்குள் அழைத்துக் கதவைச் சாத்திக் கம்பளியை விரித்தாள். வெளியே பிள்ளைகள் ஆசை தீர வெடித்தார்கள். உள்ளே அவள் ஆசை தீரத் திட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ராசம்மா, “கங்காணிய விட்டுட்டியேடி!” என்று எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் விடியலில் தப்பு மேளச் சத்தம் கேட்டு ஆட்கள் பெரட்டுக்குப் போனார்கள். பங்களா வளைவில் துப்பாக்கியோடு மாயாண்டி நின்றான். சீனியைப் பார்த்ததும் அவன் கை துப்பாக்கிக்குப் போனது. அப்புறம் கண் பட்டியில் பட்டது. பித்தளைத் தகட்டில் துரையின் பேர். பழக்க தோசத்தில் கை தொப்பிக்கு ஏறிவிட்டது.

நாகலெட்சுமி நின்றாள்.

“என்னாண்ணே, நாய்க்கு சலாமா?”

மாயாண்டி கையை இறக்கிக்கொண்டு வழியை விட்டான். அவளுக்கு முன்னே சீனி ஓடியது, கட்டில்லாமல். அவள் கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு, பட்டியில்லாத தன் கழுத்தை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுப் பின்னால் நடந்தாள்.