முன்கூட்டிச் சொன்ன சொல்

மின்கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பவர்கள், ஏறுவதற்கு முன் துணை மின்நிலையத்தை அழைத்து, அந்தப் பாதையில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தியாயிற்று என்று மறுமொழி வந்த பின்னரே ஏறுவார்கள். ஏறியதும் கம்பியிலிருந்து தரைக்கு எர்த் ராடு என்னும் காப்புக் கம்பியை மாட்டுவார்கள். யாரேனும் தவறி மின்சாரத்தை விட்டாலும் அது ஆளைத் தாக்காமல் தரைக்குள் இறங்கிவிடும். வேலை முடிந்து, ராடுகளைக் கழற்றி, கடைசி ஆளும் தரையில் கால் வைத்த பிறகே 'முடிந்தது' என்று சொல்லவேண்டும். விதி இவ்வளவுதான், ஒரு குழந்தைக்கும் விளங்கும்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள ஒரு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் இந்த விதியை மூன்று ஆண்டுகளாக யாரும் கடைப்பிடிக்கவில்லை. எந்தப் பிரிவு என்று கேட்கவேண்டாம். அங்கிருந்தவர்கள் சோம்பேறிகளும் அல்லர், அறிவிலிகளும் அல்லர். முன்பிருந்த அதிகாரி ஒருவர், மின்சாரம் திரும்பிவர எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குழுவாரியாகக் கணக்கிட்டு, தாமதித்தவர்களின் பெயர்களை வாரந்தோறும் வாட்ஸ்அப் குழுவில் வெளியிட்டார். மூன்று முறை பெயர் வந்தவருக்கு விளக்கம் கேட்டு மெமோ வரும். ஐம்பது வயது மனிதரின் பெயரைத் தவறு செய்த மாணவனின் பெயரைப்போல் பலர் முன்னிலையில் எழுதிப்போடுவது நிர்வாகம் என்று அவருக்கு யார் கற்பித்தார்களோ தெரியவில்லை.

பணியாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 'முடிந்தது' என்று சொன்னதும் மின்சாரம் வந்துவிடாது. துணை மின்நிலையத்தில் இருப்பவர் பதிவேட்டில் எழுதி, கையுறை மாட்டி, மின்சாரத்தை விடும் பிரேக்கரைப் போட நான்கு நிமிடமாவது ஆகும். ஆகவே, ராடுகளைக் கழற்றத் தொடங்கும்போதே 'முடிந்தது' என்று சொல்லிவிட்டால், அந்த நான்கு நிமிடத்தில் கழற்றி இறங்கிவிடலாம். இதை அவர்கள் 'அட்வான்ஸ் சொல்றது' என்றார்கள். துணை மின்நிலையத்தாருக்கு இது தெரியாது.

சித்திரை மாதத்தில் உதவிப் பொறியாளராக மாரிச்செல்வி வந்தார். கான்சாபுரத்துக்காரர், தேவையின்றிக் குரலை உயர்த்தாதவர். ஆனால் அந்தப் பெயர்ப் பட்டியலை அவரும் நிறுத்தவில்லை. முன்பிருந்து நடக்கிறது, நடக்கட்டும் என்று விட்டுவிட்டார். கோட்டத்திலேயே விரைவாக மின்சாரம் தரும் பிரிவு என்று ஆவணி மாத ஆய்வுக் கூட்டத்தில் அவரை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். அவரும் மகிழ்ந்தார்.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே திருவண்ணாமலை என்னும் குன்றில் இருக்கும் பெருமாளைப் பார்க்க அடிவாரத்தில் கூட்டம் நெருக்கியபோது, அந்தப் பக்கம் போகும் பாதையில் கம்பியைத் தாங்கும் பீங்கான் ஒன்று வெடித்தது. குடிநீர் மோட்டார் நின்றது. ஃபோர்மேன் உக்கிரபாண்டி இரண்டு பேரோடு போனார். மேலே ஏறியவர் பாண்டிச்செல்வம். உக்கிரபாண்டியின் தங்கை மகன். கீழே நின்றவர் மொக்கைச்சாமி. பீங்கானை மாற்றியாயிற்று. ஒரு ராடைக் கழற்றி, இரண்டாவதற்குப் பாண்டிச்செல்வம் கை நீட்டும்போது உக்கிரபாண்டி கைப்பேசியில் 'முடிந்தது' என்றார். வழக்கமான நான்கு நிமிடம் அன்று கிடைக்கவில்லை. ஒரே நிமிடத்தில் மின்சாரம் வந்தது.

கழற்றாத ராடு உயிரைக் காத்தது. பெரிய வெளிச்சம் ஒன்று அடித்து, துணை மின்நிலையத்தில் பிரேக்கர் தானே விழுந்து மின்சாரம் நின்றது. பாண்டிச்செல்வம் கயிற்றைப் பிடித்துச் சறுக்கி, உள்ளங்கை தோலுரிய, கம்பத்தடியில் வந்து உட்கார்ந்தார்.

"மாமா, எனக்குப் புருவம் இருக்கா பாரும்."

மொக்கைச்சாமிதான் குனிந்து பார்த்தார்.

"ஒத்தப் புருவம் இருக்குலே. வீட்ல கேட்டா, பெருமாளுக்கு முடி எறக்குனேன், பாதியில கத்தி மழுங்கிருச்சுன்னு சொல்லு."

பாண்டிச்செல்வம் சிரித்தார். தோலுரிந்த உள்ளங்கையால் தண்ணீர்க் குவளையைப் பிடிக்க இயலவில்லை.

அன்று துணை மின்நிலையத்தில் பணியில் இருந்தவர் மெகராஜ் பேகம். பதினோரு ஆண்டுப் பணியில் ஒரு கறுப்புப் புள்ளியும் இல்லாதவர். '11.40, உக்கிரபாண்டி, வேலை முடிந்தது' என்று பதிவேட்டில் எழுதியிருந்தார். மாலையில் அலுவலகத்தில் உக்கிரபாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு வேறொன்று சொன்னார்.

"நான் முடிஞ்சதுன்னு சொல்லல மேடம். இன்னும் பத்து நிமிசம் ஆகும்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

ஒருவர் சொல்லுக்கு எதிராக மற்றவர் சொல். விசாரிக்கச் செயற்பொறியாளர் விஜயபாண்டி செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வருவதாகத் தகவல் வந்தது. அதற்குள் தேநீர்க் கடையில் தீர்ப்பாகிவிட்டது. பொம்பளை கையில் பிரேக்கரைக் கொடுத்தால் இப்படித்தான் என்றார்கள். கம்பத்தில் ஏறாதவர்களும் பிரேக்கரைக் கண்ணால் காணாதவர்களுமே அதை உரக்கச் சொன்னார்கள். குற்றச்சாட்டு நிலைத்தால் பேகத்துக்குத் தற்காலிகப் பணிநீக்கம் உறுதி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரிச்செல்வி தனியாகத் துணை மின்நிலையத்துக்குப் போனார். பேகம் எழுந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மெமோ கொண்டாந்திருக்கீகளா மேடம்? இப்பமே குடுத்திருங்க. செவ்வாக்கெழம வரைக்கும் எதுக்கு முழுங்காம மென்னுக்கிட்டு இருக்கணும்?"

"பதிவேட்டைப் பார்க்க வந்தேன்மா."

ஆறு மாதப் பதிவேட்டை அவர் புரட்டினார். 'முடிந்தது' என்று சொன்ன நேரத்துக்கும் மின்சாரம் விட்ட நேரத்துக்கும் இடையே எப்போதும் நான்கு நிமிடம், ஐந்து நிமிடம். சனிக்கிழமை மட்டும் ஒரு நிமிடம்.

"அன்னைக்கு மட்டும் எப்படி இவ்வளவு சீக்கிரம் போட்டீங்க?"

பேகம் பிரேக்கர் இருந்த பக்கம் கை காட்டினார்.

"நீங்கதான் மேடம் ரெண்டு தடவ கூப்பிட்டீக. சனம் தண்ணி இல்லாம தவிக்கி, எல்லாத்தையும் எழுதிவச்சுட்டு ரெடியா நில்லுங்கன்னு சொன்னீக. நேரத்த மட்டும் விட்டு எழுதிவச்சுட்டு, கையுறை மாட்டிக்கிட்டு, கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

மாரிச்செல்வி தம் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். பதினொன்றிலிருந்து பதினொன்று நாற்பதுக்குள் துணை மின்நிலையத்துக்கு இரண்டு அழைப்புகள், உக்கிரபாண்டிக்கு நான்கு.

"இதை ஏன் நேத்து குடுத்த விளக்கத்துல எழுதல?"

"அதிகாரி பேர எழுதிட்டு அதே அதிகாரிகிட்ட நாளைக்கு வேல பாக்க முடியுமா மேடம்? நீங்களே சொல்லுங்க."

மாரிச்செல்வி பதிவேட்டை மூடிவைத்துவிட்டு, அந்த நான்கு நிமிடம் யாருக்கு எதற்குப் பயன்பட்டிருக்கும் என்று யோசித்தார். கம்பத்தில் வேலை முடிவதற்கும் ஆள் இறங்குவதற்கும் இடையில் அதே அளவு நேரம் ஆகும் என்பது பொறியாளருக்குத் தெரியாததன்று. ஆய்வுக் கூட்டத்தில் தமக்குக் கிடைத்த கைதட்டல் எதிலிருந்து வந்தது என்பதும் அப்போது விளங்கியது.

திங்கட்கிழமை காலையில் பணியாளர் பதினான்கு பேரும் அலுவலகத்தில் கூடினார்கள். மெமோ வாங்கப்போகும் முகங்கள். மாரிச்செல்வி ஒரு தாளை எடுத்துப் படித்தார். செயற்பொறியாளருக்கு அவர் எழுதிய கடிதம் அது.

'சனிக்கிழமை நிகழ்ந்த தவறில் முதல் பங்கு என்னுடையது. நாற்பது நிமிடத்தில் ஆறு முறை அழைத்து இரு பக்கமும் அவசரப்படுத்தினேன். தாமதித்தவர் பெயர்ப் பட்டியலை ஆறு மாதமாகத் தொடர்ந்தேன். அந்தப் பட்டியலுக்கு அஞ்சி என் பணியாளர்கள் ஆபத்தான வழிகளைக் கையாண்டிருக்கலாம் என்று கருதுகிறேன். அதை அவர்கள் என்னிடம் சொல்ல இயலாத நிலையை ஏற்படுத்தியவளும் நானே.'

மொக்கைச்சாமி மெதுவாகக் கேட்டார்.

"மேடம், இந்தக் கடுதாசி போயிருச்சா?"

"காலையில எட்டு மணிக்கே போயிருச்சு."

"எங்ககிட்ட மொதல்ல காட்டியிருக்கக்கூடாதா? அந்தக் கடேசி வரியையாச்சும் அடிச்சிருப்போம்ல."

"அதுக்காகத்தான் காட்டல." மாரிச்செல்வி தாளை மடித்தார். "இன்னைக்கு யாரையும் ஒண்ணும் கேட்கப் போறதில்ல. நாளைக்கு ஐயா வர்றாங்க. சொல்ல வேண்டியது இருந்தா அங்க சொல்லுங்க, நான் பக்கத்துலதான் இருப்பேன். பட்டியல் இன்னையோட நின்னுபோச்சு. இனிமே வேலை நடக்கும்போது நான் உங்களைக் கூப்பிட மாட்டேன். ஊர்க்காரங்க கூப்பிட்டா என் நம்பரைக் குடுங்க."

உக்கிரபாண்டி தலை நிமிரவில்லை. வெளியே வந்ததும் பாண்டிச்செல்வம், உள்ளங்கையில் கட்டோடு, அவருக்கு அருகில் வந்து நின்றார்.

"மாமா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா பேகம் அக்கா போன ரம்சானுக்குக் குடுத்தனுப்புன நோம்புக் கஞ்சிய, நீருதான் தூக்குவாளியோட வாயில கவுத்தீரு. எனக்கு ஒரு கரண்டிகூட மிச்சம் வைக்கல."

"ஏலே, போலே அங்கிட்டு."

"போறேன். சும்மா ஞாபகம் வந்துச்சு, சொன்னேன்."

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் துணை மின்நிலைய அறையில் விசாரணை தொடங்கியது. விஜயபாண்டி கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர். பேகத்தின் பெயரில் தட்டச்சு செய்த தற்காலிகப் பணிநீக்கக் குறிப்பாணையைக் கோப்பின் மேலேயே வைத்திருந்தார். அருகில் மாரிச்செல்வியின் கடிதம்.

"பேகம், நீங்க முதல்ல சொல்லுங்க."

பேகம் வாய் திறப்பதற்குள் உக்கிரபாண்டி எழுந்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அவிய எழுதினது சரி. 11.40க்கு முடிஞ்சதுன்னு சொன்னது நான்தான். பய மேலதான் இருந்தான். ஒரு ராடு இன்னும் கழத்தல. சனிக்கெழம சாயங்காலம் மேடத்துக்கிட்டச் சொன்னது பொய்."

"ஆள் மேலே இருக்கும்போது எதுக்கய்யா சொன்னீங்க?"

"எப்பவும் அப்பிடித்தான் சார் சொல்லுவோம். நாலு நிமிசம் மிச்சமாகும். லிஸ்ட்ல பேரு வராது."

"எத்தனை நாளா?"

"மூணு வருசம் இருக்கும்."

"நீங்க ஒருத்தர்தானா?"

சுவரோரம் நின்ற பாண்டிச்செல்வம் கட்டுப்போட்ட கையை உயர்த்தினார்.

"எல்லாரும்தான் சார். நான் தனியாப் போற அன்னைக்கு நானும் சொல்லியிருக்கேன்."

விஜயபாண்டி மாரிச்செல்வியின் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தார். நெடுநேரம் படித்தார். பிறகு தட்டச்சு செய்த குறிப்பாணையைக் கோப்புக்குள் அடியில் வைத்தார்.

"மத்தப் பிரிவுகள்லயும் இது இருக்கும்."

"இருக்கும் சார்," என்றார் மாரிச்செல்வி. "மெமோ போட்டுக் கேட்டா இல்லன்னுதான் எழுதுவாங்க. வேற மாதிரி கேட்கணும்."

"எப்படிக் கேட்கணும்னு நீங்களே எழுதிக் குடுங்க."

உக்கிரபாண்டிக்கு எழுத்து வழிக் கண்டனம் ஒன்று வந்தது. மாரிச்செல்விக்கும் ஒன்று வந்தது. ஒரு மனிதனின் உயிர் ஒரு ராடில் தொங்கியிருந்தது. ஆகவே இரண்டும் நியாயமே. பேகத்தின் பணிப்பதிவேட்டில் எதுவும் ஏறவில்லை. உண்மையைச் சொன்னவனை வேலையை விட்டு அனுப்பி, மறைத்தவனைப் பாராட்டும் மேலதிகாரிகள் நிறைந்த நாட்டில், இந்த ஓர் அறையில் அன்று அது தலைகீழாக நடந்தது என்பதைப் பதிந்துவைக்கவேண்டும்.

விசாரணை முடிந்ததும் உக்கிரபாண்டி வாசலில் பேகத்துக்காகக் காத்திருந்தார்.

"தங்கச்சி..."

"அண்ணே, எனக்குக் கோவம் இருக்கு. மூணு நாளு எங்க வீட்ல யாரும் சரியாச் சாப்பிடல. இப்பப் போகாது. பொறவு பாப்போம்."

"இருக்கட்டும்மா. இருக்க வேண்டியதுதான்."

"வெயில்ல நிக்காம உள்ள வாங்க. தண்ணி குடிச்சுட்டுப் போங்க."

புதிய முறையை முன்மொழிந்தவர் பாண்டிச்செல்வம். எத்தனை பேர் வேலைக்குப் போனார்களோ அத்தனை பேரும், தரையில் கால் வைத்த பிறகு, கைப்பேசியில் தம் குரலில் தம் பெயரைச் சொல்லவேண்டும். எல்லாக் குரல்களையும் கேட்ட பிறகே பேகமோ, பணியில் இருக்கும் மற்றவரோ பதிவேட்டைத் தொடலாம். ஃபோர்மேன் சொல் மட்டும் செல்லாது. இதற்கு முதலில் கையெழுத்திட்டவர் ஃபோர்மேன் உக்கிரபாண்டி.

ஐப்பசி தொடக்கத்தில் ஒரு முற்பகலில் சுந்தரபாண்டியம் பக்கம் காற்றடித்துக் கம்பி அறுந்தது. வயல் மோட்டார்கள் எல்லாம் நின்றன. மாரிச்செல்வியின் கைப்பேசி ஓயவில்லை. நாற்றங்கால் காய்கிறது என்றார் ஒருவர். அமைச்சரைத் தெரியும் என்றார் இன்னொருவர். "வேலை நடக்குதுங்கய்யா. ஆள் மேலே இருக்காங்க. இறங்கினதும் வந்துரும்," என்று அவர் பத்துப் பேருக்கும் ஒரே விடையைச் சொன்னார். சுந்தரபாண்டியத்துக்கோ துணை மின்நிலையத்துக்கோ அவர் அழைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்கு அன்று கடினமாகத்தான் இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துத் துணை மின்நிலையத்தில் மணி அடித்தது.

"உக்கிரபாண்டி. எறங்கிட்டேன்."

"ம்."

"பாண்டிச்செல்வம். த/பெ மாடசாமி. எறங்கிட்டேன். புருவம் முளைச்சிருச்சு. ரேசன் கார்டு நம்பர் வேணுமாக்கா?"

"பேரு மட்டும் போதும்டா." பேகம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மூணு பேரு போனீக. ரெண்டு கொரலுதான் வந்திருக்கு. மொக்கைச்சாமி எங்க?"

"பக்கத்துலதான் நிக்காரு தங்கச்சி," என்றார் உக்கிரபாண்டி. "வாய் நெறைய வெத்தல. பேச முடியல. கையக் காட்டுதாரு."

"கையக் காட்டுனா எனக்குத் தெரியுமா அண்ணே? துப்பிட்டு வரச் சொல்லுங்க. நான் இருக்கேன்."

தொலைவில் யாரோ வாய் கொப்பளிக்கும் ஓசை கேட்டது. சுந்தரபாண்டியத்து மோட்டார்கள் இன்னும் ஒரு நிமிடம் காத்திருந்தன.