துணைவிக்கு நோய்: இல்லை

என் மனைவி பூவாத்தாளுக்கு எந்த நோயும் கிடையாது. நாலு மாதமாக இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். காப்பீட்டுக் கம்பெனிக்காரன் ஒருவன்தான் நம்பவில்லை.

மதுக்கரையில் எனக்கு ஹார்டுவேர் கடை. போன தை மாதம் வியாபாரிகள் சங்கத்தில் ஜோடி ஜோடியாக மலேசியாவுக்குக் கூட்டிப் போனார்கள். மூன்றாம் நாள் காலை, கோலாலம்பூர் ஓட்டலில் இட்லிக்குக் கை நீட்டியவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். மூளையில் ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். ஆறு நாள் ஐ.சி.யூ. ஆளை நல்லபடியாகக் கூட்டி வந்துவிட்டேன். இடது கை மட்டும் இன்னும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. பயணக் காப்பீடுதான் இருக்கிறதே என்று, கடையை அடகு வைத்து ஆஸ்பத்திரிக்குப் பதினொரு லட்சம் கட்டினேன்.

கம்பெனி கையை விரித்துவிட்டது. உங்கள் மனைவி மூன்று வருடமாக ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்று அந்த ஆஸ்பத்திரியே எழுதியிருக்கிறது, விண்ணப்பத்தில் நீங்கள் மறைத்துவிட்டீர்கள் என்று கடிதம் போட்டார்கள்.

மறைத்தேனாம். சர்க்கரை, பிரஷர், ஸ்டென்ட் என்று என் வியாதிகளை ஒன்றுவிடாமல் எழுதி, அதற்காக அதிகப் பணமும் கட்டியவன் நான். அவள் பையில் இருந்தது என் மாத்திரை. எங்கள் பக்கம் எந்த ஆம்பளை தன் மாத்திரையைத் தானே தூக்கிக்கொண்டு அலைகிறான்? அதைப் பார்த்துவிட்டு அந்த டாக்டர் தப்பாக எழுதிவிட்டார். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் வரைக்கும் இதைத்தான் எழுதினேன். வியாழக்கிழமை வீடியோவில் விசாரணை என்றார்கள்.

அது என் மாத்திரைதான் என்பதற்குச் சாட்சியாகப் பில் வாங்கலாம் என்று செவ்வாய்க்கிழமை போத்தனூரில் எங்கள் மருந்துக்கடைக்காரர் உமர் பாரூக்கிடம் போனேன். ஆஸ்பத்திரிக் காகிதத்தை வாங்கிப் படித்தார்.

“இது உங்க மாத்திரை இல்லீங்ணா. அக்காளுது. மூணு வருசமா நம்மகிட்டத்தான் வாங்கறாங்க.”

பேர் மாறியிருக்கும், நன்றாகப் பாருங்கள் என்றேன். அவர் பில்களையே அடித்துக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பொய் சொன்னது அவளா, நானா? நிஜமென்று நம்பிச் சொன்னது எப்படிப் பொய்யாகும்? அப்படியானால் அந்தக் கம்பெனிக்காரன் சொன்னதுதான் சரியா? அதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அவள் ஒற்றைக் கையால் அவரைக்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். ஏன் மறைத்தாய் என்று கத்தினேன்.

“மறைக்கலீங்க,” என்றாள். “உங்களுக்கு ஸ்டென்ட் வெச்ச வருசம் எனக்குத் தலை சுத்துச்சு, போய்ப் பார்த்தேன். ஊட்டுல ஒருத்தரு படுத்திருக்கையில நான் வேற என்னத்தச் சொல்றதுன்னு இருந்துட்டேன். நீங்க ஃபாரம் எழுதறப்ப பக்கத்துலதான் உக்காந்திருந்தனுங்க. எங்கிட்டக் கேக்கவே இல்லீங்களே. அந்த ஊர் டாக்டர் கேட்டாரு, சொன்னேன்.”

அப்புறம் இத்தனை மாதம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்றேன். அத்தனை பேர் முன்னால் நான் அடித்துப் பேசும்போது குறுக்கே என்ன பேசுவது என்றாள்.

காப்பீட்டு விண்ணப்பம் எழுதிய டிராவல்ஸ் ஆபீஸ் ஞாபகத்துக்கு வந்தது. என் பக்கத்தை நிரப்ப அரை மணி நேரம் ஆனது. துணைவி என்ற பக்கத்தில் மேலிருந்து கீழே வரை ‘இல்லை’, ‘இல்லை’ என்று ஒரே மூச்சில் போட்டுத் தள்ளினேன். நடுவில் ஒரு தடவை அவள் பக்கம் திரும்பினேன். மூக்குக் கண்ணாடியைக் கேட்கத்தான். வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை திரையில் இருந்த அதிகாரி கேட்டார், உங்கள் மனைவிக்கு முன்பே ரத்த அழுத்தம் இருந்ததா என்று. நாலு மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் நாக்கு நுனியில் நின்றது. கடையே அந்த ஒரு வார்த்தையில்தான் இருந்தது. போனை அவள் பக்கம் திருப்பினேன்.

“உனக்கு என்னன்னு கேக்கறாங்க அம்மணி. நீயே சொல்லு.”

நிஜமாகத்தான் சொல்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக ஆரம்பித்தாள். அவள் சொன்னதில் பாதி எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.