ஏழரைக் கிலோமீற்றர்

மடவளையில் மின்சாமான் கடை வைத்திருக்கும் தாஸிமுக்கு, மஃரிப் தொழுத பிறகு மொட்டைமாடியில் வேலை. பூமியைச் சுற்றும் செய்மதிகளில் பாதை வெளியிடப்படாதவற்றைக் கண்ணால் தேடிப் பிடித்து, இந்த இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே இத்தனை மணிக்குக் கடந்தது என்று எழுதி அனுப்புவார். உலகத்தில் அங்கங்கே இருக்கும் சிலர் அப்படி அனுப்புவதை ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் சேர்த்துப் பாதையைக் கணக்கிடுவார்.

ஸ்கொட்லாந்துக்காரரின் மின்னஞ்சல் நேற்று வந்திருந்தது. 'உங்கள் நேரங்கள் எல்லாமே ஒரு செக்கன் பிந்துகின்றன. அதற்குள் செய்மதி ஏழரைக் கிலோமீற்றர் போய்விடும். நாளைய பதிவும் பிந்தினால், வருந்துகிறேன், உங்களுடையதைச் சேர்க்க முடியாது.'

பால் விடாத பிளேன்டிக் கோப்பையோடு ஏறி வந்த மனைவி கைரியா, கதிரையை இழுத்துப் போட்டாள்.

"இது மூணாவது ஸ்டொப்வொச்சா?"

"பழைய ரெண்டும் பிந்துது."

"ரெண்டும் ஒரே அளவா பிந்தும்?"

தாஸிம் புதியதை ஒருமுறை ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தார். கீழே கட்டுகஸ்தோட்டைக்குப் போகிற பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டே போனது.

ஏழு மணிக்கு முன், பதிய வேண்டியது வருவதற்குள், வேறொரு செய்மதி வந்தது. ஒத்திகைக்கு நல்லது என்று தாஸிம் எழுந்தார். கைரியா வானத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். ஒளி இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே புகுந்தது. தாஸிம் ஸ்டொப்வொச்சை அமத்தினார்.

"இப்ப என்ன சென்னீங்க?"

"ஒண்டும் செல்லல்லயே."

"பிஸ்மில்லாஹ் சென்னீங்க. அது தாண்டின பொறகு. அதுக்குப் பொறகுதான் அமத்தின."

கடைக் கதவுக்குச் சாவி போடும்போதும் சோற்றில் கை வைக்கும்போதும் வாய் தானாகச் சொல்வது. பதிவுகள் அனுப்பத் தொடங்கிய இந்தப் பதின்மூன்று மாதமாக அது தன் காதிலேயே விழவில்லை என்பது தாஸிமுக்கு வெட்கமாக இருந்தது.

"அப்ப, செல்லாம அமத்தவா?"

"யாரு செல்லாதீங்கண்ட? முந்தியே செல்லுங்க. பஸ் போன பொறகா கை காட்டுற?"

ஏழு பத்துக்கு, பதிய வேண்டிய செய்மதி மலைக்கு மேலே மங்கலான புள்ளியாகக் கிளம்பியது. "இப்ப செல்லுங்க" என்றாள் கைரியா. தாஸிம் சொன்னார். பிறகு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். புள்ளி நிதானமாக ஏறி நட்சத்திரங்களுக்கு நடுவே வந்தது. 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் சோற்று நேரத்தில் பதில் வந்தது. 'மிகச் சரி. பழைய பதிவுகள் எவ்வளவு பிந்தின என்று துல்லியமாகச் சொன்னால் அவற்றையும் காப்பாற்றலாம்.'

கைரியா கை கழுவிவிட்டு ஸ்டொப்வொச்சை எடுத்தாள்.

"இருவது தரம் செல்லுங்க. நான் அளக்குறன்."

தாஸிம் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலாவதைச் சொன்னார்.

"மௌலவி மாதிரி இழுக்காதீங்க" என்றாள் அவள். "கடை தொறக்கக்குள்ள செல்ற மாதிரி செல்லுங்க."