மேல் ஜன்னலைப் பார்க்கும் கண்ணாடி

சுண்டுவுக்கு எந்தக் காரிலும் ஒழுங்காகக் கால் எட்டியதில்லை. அடியில் ஒரு தலையணை, முதுகுக்கு ஒரு தலையணை என்று படுக்கையே விரித்துத்தான் ஓட்டப் பழகினாள். அக்காவைக் கட்டிக்கொண்ட புதிதில் அத்தான் வைத்த 'சுண்டைக்காய்' என்ற பேர் சுருங்கிச் சுண்டு ஆகி, கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வந்த பிறகும் அவளை விடவில்லை.

அப்படிப்பட்டவளுக்கு, காரை விற்கப்போவதாகச் சொன்ன ஒரு பெரியவர் வீட்டு வாசலில் நின்ற பழைய நீலக் காரில் ஏறி உட்கார்ந்ததும் தூக்கிவாரிப்போட்டது. கால் எட்டியது. கை எட்டியது. அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி இருக்கை அவளுக்குப் பொருந்தியது.

"அத்தான், எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு!"

"உன் அளவுல இன்னொரு ஆளும் உலகத்துல இருந்திருக்காங்க பாரேன்" என்றார் அத்தான், பானெட்டுக்குள் தலையை விட்டபடி. "இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு. பேப்பரை மட்டும் நீ பாத்துக்க. படிச்சவ நீதானே?"

படித்தவள் பார்த்தாள். பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர் பேருக்கு முன்னால் ஓர் எழுத்து, ஒரு புள்ளி, பிறகு பேர். அதே பேர் வாசல் தபால் பெட்டியிலும் இருந்தது. முன்னால் நிற்கும் எழுத்து அப்பா பேருடையது என்பது பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டிலிருந்தே அவள் ரத்தத்தில் ஊறிய விஷயம். சரியாகத்தான் இருக்கிறது என்று படிவத்தில் பெரியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கு அவசரம். வீடுவீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போட்டு ஊசி குத்தும் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. சொந்தப் பேரில் கார் பதிவான புத்தகத்தை வெள்ளிக்கிழமைக்குள் காட்டினால் திங்கட்கிழமை சேரலாம். இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவளுக்கு. வேலை இருந்தால்தான் புருஷனையும் ஐந்து வயது மகளையும் அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்க முடியும். எட்டு மாதமாக அக்கா வீட்டுப் பின்னறையில் இருந்துகொண்டு, ஒவ்வொரு போனிலும் மகளிடம் அவள் வாங்கிக் கட்டிக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: "போயிட்டு வரேன்னு சொன்னியேம்மா, எப்ப வருவே?"

கிளம்பும்போது பெரியவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமே. அந்த ஊர்ப் பாஷை அவளுக்கு இன்னும் நாக்கில் படியவில்லை. தட்டுத்தடுமாறி, "போயிட்டு வரேன்" என்பதை வார்த்தைக்கு வார்த்தை அப்படியே அந்தப் பாஷையில் சொன்னாள்.

வீட்டுக்குள் திரும்பப்போன பெரியவர் படிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "வருவியா?" என்று கேட்டார். மரியாதைக்குச் சிரித்துத் தலையாட்டினாள்.

"இங்க 'போறேன்'னுதான் சொல்லணும்" என்றார் அத்தான், காரில்.

"ஐயோ, அது எப்படி அத்தான் வாயில வரும்?"

தொல்லை அன்றைக்கே தொடங்கியது. காருக்குள் இருந்த கண்ணாடி பின்னால் வரும் பாதையைக் காட்டாமல், எங்கோ மேலே, வலப்பக்கத்தைக் காட்டியது. திருத்தினாள். அடுத்த திருப்பத்தில் பழையபடி. அத்தான் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து முறுக்கிவிட்டு, "மரை தேஞ்சுபோச்சு, வேற ஒண்ணுமில்ல" என்றார். காலையில் பார்த்தால் மறுபடியும் அதே இடம். மரை தேய்ந்தால் கீழேதானே தொங்க வேண்டும்? இது மேலே ஏறுகிறது. சீட் பெல்ட்டில் நரைமுடி ஒன்று சிக்கியிருந்தது. எத்தனையோ பிணங்களைத் துடைத்து அனுப்பிய கை அவளுடையது; அந்த ஒற்றை முடியை எடுக்க அதற்குத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை பதிவு அலுவலகத்தில், கவுன்ட்டரில் இருந்த பெண் படிவத்தைத் திருப்பித் தள்ளினாள்.

"கையெழுத்துப் போட்டவர் ஓனர் இல்லையே."

"பேர் அதேதாங்க. இந்த எழுத்து அவங்க அப்பா பேரு..."

"அப்பா பேரா? அதை எதுக்கு இங்க எழுதப்போறாங்க?" கவுன்ட்டர்காரி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அந்த எழுத்துதான் ஓனரோட சொந்தப் பேரு. பின்னாடி இருக்கறது குடும்பப் பேரு. ஓனர் ஒரு அம்மா. அவங்க வந்து கையெழுத்துப் போடணும். உயிரோட இல்லைன்னா இறப்புச் சான்றிதழும் வீட்டுக்காரர் கையெழுத்தும் வேணும். நாளைக்கு நாலு மணி வரைக்கும்தான் நேரம்."

சுண்டு படிவத்தை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். காருக்குள் வந்து உட்கார்ந்து, முன்பெட்டியைத் திறந்தாள். புத்தகங்களுக்குப் பின்னால் அரசாங்க முத்திரை போட்ட உறை ஒன்று பிரிக்காமலே கிடந்ததை முன்பே பார்த்திருந்தாள். கையில் எடுத்தாள். சான்றிதழ் இதற்குள்தான் இருக்க வேண்டும். நகத்தால் ஒரு கீறு கீறினால் போதும். ஆனால் அடுத்தவர் வீட்டுச் சாவை நாம் பிரிப்பதா என்று மனசு தடுத்தது. மேலே ஏறியிருந்த கண்ணாடியைப் பார்க்காமலே வண்டியைக் கிளப்பினாள்.

பெரியவர் வீட்டில் கேட் திறந்தே கிடந்தது. அவள் மணியடிக்கும் முன்னால் கதவும் திறந்தது.

"நாலு நாள் ஆச்சு" என்றார். "வரேன்னு சொன்னியே."

மேஜையில் இரண்டு கோப்பைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. சுவரில் ஒரு படம்: நீலக் கார் பக்கத்தில் ஒரு பெண். கார் கூரைக்கு மேல் தலை தெரியாத உயரம். சுண்டுவின் உயரம்.

உறையை மேஜையில் வைத்து, வந்த விஷயத்தைச் சொன்னாள். பெரியவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"அதை நான் பிரிக்கலை. ஒன்றரை வருஷமாச்சு. கண்ணில படக்கூடாதுன்னுதான் வண்டியில போட்டேன். பிரிச்சாத்தானே அவ போனதா ஆகும்?" என்றார். "தினமும் காலையில 'போறேன்'னு சொல்லிட்டுக் கிளம்புவா. அன்னிக்கும் அதான் சொன்னா. ஆஸ்பத்திரிக்குத் தானே ஓட்டிட்டுப் போனா. வண்டி மட்டும் வந்துது. எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு, சும்மா நின்னு துருப்பிடிக்க வேணாமேன்னு குடுத்தேன். அந்த வண்டிகிட்ட நின்னுக்கிட்டு நீ 'போயிட்டு வரேன்'னே. அப்படி அவகூட எங்கிட்ட சொன்னதில்ல."

அடப்பாவமே, ஒரு வார்த்தையை இப்படியா பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் மனிதர்! சுண்டுவுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"ஐயா, அது எங்க பாஷையில எல்லாரும் கிளம்பும்போது சொல்றதுதான். என் மகளுக்கு அஞ்சு வயசு. அவகிட்டயும் அதைத்தான் சொல்லிட்டு வந்தேன். அவளும் உங்களை மாதிரியே நிஜம்னு நினைச்சுக் காத்துட்டிருக்கா. இந்தத் தாள் இல்லாட்டி அது பொய்யாயிடும்."

பெரியவர் கத்தியை எடுத்து உறையின் ஓரத்தை அறுத்தார். கண்ணருகில் வைத்து ஒருமுறை படித்தார். "இன்னிக்கு என்ன தேதி?" என்று கேட்டார். சொன்னாள். படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இது சாவு வீடு. சாவு வீட்டில் விடைபெற மாட்டார்கள். 'போயிட்டு வரேன்' என்று மறந்தும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும் என்று அம்மா வாயைப் பொத்தியே வளர்த்திருந்தாள். அன்றைக்குத் தெரியாமல் சொன்னது போதும். தாள்களை எடுத்துக்கொண்டு பேசாமல் வெளியே வந்தாள்.

காரில் உட்கார்ந்து கிளம்பும் முன்னால் கண்ணாடியைப் பார்த்தாள். அது நழுவி மேலே ஏறியிருந்தது. அதற்குள் முழுசாக அந்த வீட்டின் மேல் ஜன்னல். ஜன்னலில் பெரியவர், பாதி தூக்கிய கையோடு.

இதற்காகத்தான். தினமும் கிளம்பும்போது அவரைப் பார்த்துக்கொண்டே போவதற்காக அந்த அம்மா திருப்பி வைத்த கண்ணாடி இது.  இருக்கை சுண்டுவின் முதுகை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் பிடித்த மாதிரி இருந்தது.

அவர் காத்துக்கொண்டிருந்தார். வேண்டியது கைக்கு வந்துவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். முடியவில்லை. கார்க் கதவுக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, தமிழிலேயே கத்தினாள்: "போயிட்டு வரேன்!"

பெரியவர் கை முழுசாக உயர்ந்தது.

வெள்ளிக்கிழமை புத்தகத்தில் அந்த எழுத்தைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு அவள் பேரை எழுதினார்கள். வேலை உறுதியானது. "இனிமே அந்தப் பக்கம் உனக்கு என்ன வேலை?" என்றார் அத்தான். ஆனால் சொன்னது சொன்னதாயிற்றே. ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள்.

வழி நெடுகக் கண்ணாடி நழுவவே இல்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. தெருவில் திரும்பியதும் மேல் ஜன்னலைப் பார்த்தாள். யாரும் இல்லை. ஐயோ, நான் சொன்னதுதான் பலித்துவிட்டதா என்று பிரேக்கை மிதித்தாள்.

பெரியவர் கீழே, கேட்டருகில் வந்து நின்றிருந்தார். கார் நின்றதும் குனிந்து, மங்கிய கண்ணை இடுக்கிக்கொண்டு உள்ளே பார்த்தார். பார்வை சுண்டுவைத் தாண்டிப் பக்கத்து இருக்கைக்குப் போய் அங்கேயே நின்றது.

"வந்துட்டியா?" என்றார்.

அந்த இருக்கையைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

"வந்துட்டேன்" என்றாள், தனக்கும் அந்த அம்மாவுக்குமாக.