'இல்லை' என்ற கதவு

கை தூக்கியதில் எந்தப் பக்கம் அதிகம் என்று சபாநாயகருக்கே பிடிபடவில்லை. அத்தனை பேரையும் வெளியே போய், 'ஆம்', 'இல்லை', 'நடுநிலை' என்ற மூன்று கதவுகளில் ஒன்றின் வழியாக, தலை எண்ணுவதற்காக, மறுபடி உள்ளே வரச் சொல்லிவிட்டார். பெர்லின் நாடாளுமன்றத்தில் இழுபறி என்றால் இதுதான் வழி.

சிற்றூர் ரயில் பாதைகளை மூடும் மசோதா அது. கொண்டுவந்தது உறுப்பினர் ரோஸ்வித்தாவின் சொந்தக் கட்சி. அவளோ கிரெப்ஸின் என்ற சிற்றூருக்கு மேயராக இருந்த காலம் முழுக்க அந்த ஊர் ரயில் பாதைக்காக மல்லுக்கட்டியவள்.

கட்சிக் கொறடா ஹென்ஷல் 'ஆம்' கதவருகே அவளை மறித்தார்.

"கை தூக்காம உக்காந்திருந்தீங்க, சரி. இப்ப ஊரே பாக்கும். அடுத்த தேர்தல்ல கட்சிப் பட்டியல்ல உங்க பேரு அடிக்குப் போயிடும்."

"போகட்டும். வீடு வீடாப் போய் ஓட்டுக் கேப்பேன். மேயரானதே அப்படித்தான்."

"இவ்வளவு பிடிவாதம் ஆகாதுங்க."

"அது இருக்கப்போய்த்தான் அங்க இன்னும் ரயில் ஓடுது."

'இல்லை' கதவின் முன்னால் எதிர்க்கட்சிக்காரர்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் நக்கலாகச் சிரித்தார்.

"கதவு மாறி வந்துட்டீங்க மேடம்."

"மாறல. எங்க ஊர் ரயில் இந்தக் கதவு வழியாத்தான் போகுது. தள்ளி நில்லுங்க."