மாத்திரைக்கு முன்னால் ஒரு பல்

டாக்டர் பிரேமினி இரத்தப் பரிசோதனைத் தாளை மேசையில் வைத்தார். "கால்சியம், கிட்னி எல்லாம் ஓகேம்மா. எலும்பு மாத்திரைய ஆரம்பிச்சிடலாம். அதுக்கு முன்னாடி ஒன்னு கேக்கணும். பல்லு ஏதும் ஆடுதா, வலிக்குதா?"

மருதம்மாள் இடது கடைவாய்ப் பல்லை நாக்கால் அழுத்திக்கொண்டு, "இல்லங்க டாக்டர்" என்றாள்.

பொய்தான். செர்டாங் பாசாரில், மீன்கடை முன்னால் வழுக்கி விழுந்து முறிந்த மணிக்கட்டு சேர்ந்துவிட்டது. ஆனால் இன்னோர் எலும்பு எப்போது முறியுமோ என்ற பயம் போகவில்லை. தீபாவளி நெருங்குகிறது. அவர்கள் குடியிருக்கும் தாமானில் பாதி வீடுகளுக்கு அவள்தான் முறுக்குப் பிழிவாள். பல்லைச் சொன்னால் மாத்திரையைத் தள்ளிப்போடுவார்கள். அதோடு, பல் பிடுங்குவது என்றாலே அவளுக்குப் பயம்.

அதுவரை மேலே சுழலும் காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவர் அய்யாவு கனைத்தார். "இருக்குங்க டாக்டர். இடது பக்கம்."

"ஏங்க, உங்களுக்கு யாரு சொன்னா?"

"மொத முறுக்க நீதான் கடிச்சுப் பாப்ப, வேற யாரையும் தொட விடமாட்ட. போன வாரம் வாசுகி வீட்டு விசேசத்துக்கு பிழிஞ்சதும் நானு, கடிச்சதும் நானு. சோறும் வலப்பக்கமாவே மெல்லுற. அப்பவே தெரியும்லா."

பந்து விளையாட்டையும் மோட்டார் சைக்கிளையும் தவிர வேறெதையும் இந்த மனிதர் பார்ப்பதில்லை என்றல்லவா மருதம்மாள் நினைத்திருந்தாள்? கோபப்பட முயன்றாள், சிரிப்புதான் வந்தது.

"மாத்திரை சாப்பிட ஆரம்பிச்ச பெறகு பல்லு புடுங்குனா, சில பேருக்குத் தாடை எலும்பு ஆறாது. அபூர்வம்தான். ஆனா மொதல்ல புடுங்கிட்டு, புண்ணு ஆறுனதும் ஆரம்பிக்கிறதுதான் நல்லது" என்றார் டாக்டர். "மாத்திரை வாரம் ஒன்னு. காலைல வெறும் வயித்துல, பச்சத் தண்ணியில. கோப்பி கூடாது. போட்டுட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது."

"படுக்கறதா? காலைல இவ உக்காந்தே நான் பாத்ததில்லையே!"

டாக்டரே சிரித்துவிட்டார்.

பல் கிளினிக்கில், அவள் பயந்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, பல் வந்துவிட்டது. பஞ்சைக் கடித்தபடி, பேசாமல் வீடு போகச் சொன்னார் பல் டாக்டர். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே மோட்டார் ஓடியது. கிடைத்த வாய்ப்பை விடாமல் அய்யாவு ஒரு பழைய பாட்டை, வரிகளை முன்னும் பின்னுமாக மாற்றிப்போட்டுப் பாடினார். திருத்த வழியில்லாமல் அவள் அவர் முதுகில் தட்டினாள். தாளம் போடுகிறாள் என்று நினைத்து அவர் இன்னும் உரக்கப் பாடினார். பஞ்சு விழுந்துவிடாமல் உதட்டை இறுக்கிக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில், அவள் தலைக்கவசம் அவர் தலைக்கவசத்தில் டொக் டொக்கென்று மோதிக்கொண்டே வந்தது.