வண்ணமீன் கடையின் பச்சைப் புள்ளி

டப்பாவின் கனத்திலேயே மகளுக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவின் பையைக் கொண்டுவந்து கொடுத்த பக்கத்துக் கடைப் பூட்டுக்காரர், "கண்ணாடி, போன், சாப்பாட்டு டப்பா எல்லாம் இதுலதாம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போயிருந்தார். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். மகள் பின்பக்கக் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். நேற்றுக் காலையில் அம்மா அமுக்கி வைத்த சாப்பாடு ஓரம்கூடக் கலையாமல் இருந்தது. அவசர அவசரமாகக் குப்பைக்கூடையில் கொட்டி, மேலே ஒரு பழைய செய்தித்தாளைப் போட்டு மூடினாள்.

"என்னடி பண்ற அங்க? ஆளுங்க வந்துட்டிருக்காங்க, பாத்திரம் தேய்க்கிற நேரமா இது?" அம்மா படியில் நின்றாள்.

"அப்பாவோட டப்பாம்மா. காஞ்சிடும்னு..."

"சாப்பிட்டிருந்தாரா?"

"ம்."

"மிச்சம் வைக்காமயா?"

"வழிச்சுச் சாப்பிட்டிருக்கார்ம்மா."

அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. மகள் குனிந்து காலி டப்பாவைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அப்பா வண்ணமீன் கடை வைத்திருந்தார். ஊருக்கு அவர் மீன் டாக்டர். தனக்குக் காய்ச்சல் வந்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போர்த்திக்கொண்டு படுக்கிற ஆட்கள்கூட, தொட்டியில் மீன் மூச்சு வாங்கினால் அவரைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிடுவார்கள். வேறு ஊரில் இணையதளம் கட்டும் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள், கடைக்கும் ஒரு தளம் செய்து கொடுத்தாள். போன வருடம் அதன் மூலையில் ஒரு அரட்டைப் பெட்டி வைத்தாள். சந்தேகத்தை அங்கே எழுதினால் அப்பா உடனுக்குடன் பதில் எழுதுவார். பெட்டியின் தலையில் ஒரு புள்ளி. பச்சை என்றால் மீன் டாக்டர் இருக்கிறார். மவுசும் விசைப்பலகையும் கொஞ்ச நேரம் அசையாவிட்டால் மஞ்சளாகிவிடும், ஆள் இல்லை என்று அர்த்தம்.

அம்மாவின் போனிலும் அதைத் திறந்து காட்டியபோது அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "எந்திரிச்சுப் போனா காட்டிக் குடுத்துடுமா? கல்யாணமான புதுசுல இது இருந்திருந்தா எனக்கு எவ்வளவு ஒத்தாசையா இருந்திருக்கும்!"

அப்பாவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. "நான் இங்கதான் தொட்டி கழுவிக்கிட்டு இருக்கேன். கடையத் தொறந்து வச்சுட்டு ஆள் இல்லைன்னு போர்டு மாட்டுறியே, நியாயமா? மஞ்சளப் பாத்துட்டு வந்தவன் ஓடிப்போறான்."

நச்சரிப்பு தாங்காமல் மகள், அசைவு இருக்கிறதா என்று பார்க்கும் அந்தச் சோதனையையே எடுத்துவிட்டாள். கம்ப்யூட்டர் திறந்திருந்தால் பச்சை, அவ்வளவுதான். அரை மணி நேர வேலை. அம்மாவிடம் சொல்லவேண்டிய சங்கதியாக அது தோன்றவில்லை. பிறகு தினமும் மத்தியானம் அப்பாவோடு பேசுகிற பழக்கமும் மெல்ல விட்டுப்போனது. புள்ளியைப் பார்த்தால் போதாதா என்ன?

நேற்று நாள் முழுக்கப் பச்சை. ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் நடுவே மகள் பார்த்தாள், அப்பா இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். வாரநாளில் கடைக்குள் ஆள் நுழைவது அபூர்வம். பூட்டுக்காரரும் வெளியே வேலைக்குப் போயிருந்தார். சாயங்காலம் திரும்பியவர், கடையில் விளக்குப் போடவில்லையே என்று எட்டிப் பார்த்திருக்கிறார். தொட்டிகளுக்குப் பின்னால் அப்பா கிடந்தார்.

அப்பாவின் உடலைப் பார்த்த டாக்டர் மகளை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார். "காலையிலயே விழுந்திருக்கார்ம்மா. ஆனா உடனே போகல. யாராவது பார்த்திருந்தா..." அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மகளால் நிறுத்த முடியவில்லை. மீதி வாக்கியம் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

சேதி கேட்டு ஊருக்கு வருகிற வழியிலேயே பஸ்ஸில் உட்கார்ந்து அரட்டைப் பெட்டியைத் திறந்து பார்த்திருந்தாள். யாரோ ஒரு வாடிக்கையாளர் காலையிலிருந்து எழுதியிருந்தார்.

"டாக்டரே, கறுப்பு மீன் ஒரு பக்கமா சாஞ்சு கிடக்கு. செவுள் மட்டும் அசையுது. என்ன பண்ணட்டும்?"

"பச்சை எரியுது. இருக்கீங்கதானே?"

"பாத்துட்டும் பேசாம இருந்தா எப்படி?"

கடைசியாக, "செத்துடுச்சு. ரொம்ப நன்றி."

அந்த ஆளுக்குக் கோபப்பட ஒருத்தர் இருந்தார். மகளுக்குத் தன்னை விட்டால் யாரும் இல்லை.

கூடத்தில் அம்மா, வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒரு கஷ்டமும் படல. அசையாம இருந்தா புள்ளி மஞ்சளாயிடும். சாயங்காலம் வரைக்கும் பச்சைதான். வேலை பாத்துக்கிட்டே இருந்தவரு, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிட்டாரு. நீ சொல்லுடி, நீதானே செஞ்ச."

"ஆமா" என்றாள் மகள்.

பூட்டுக்காரர் தயங்கினார். "இல்ல அண்ணி, நான் போய்த் தொட்டப்பவே உடம்பு..."

"சித்தப்பா, வெளிய சேர் பத்தல. கொஞ்சம் பாக்கறீங்களா?" என்று மகள் குறுக்கிட்டாள். அவர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து சேர் எடுக்கப் போனார்.

ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க எத்தனை பொய்தான் சொல்வது? சொல்லித் தொலைத்துவிடலாம் என்று அம்மாவைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள்.

"அம்மா, அந்தப் புள்ளி இருக்கே..."

"அது மட்டும் இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னு தெரியல." அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சோறு தின்னாரோ இல்லையோன்னு மத்தியானம் போன் போடத்தான் எடுத்தேன். பச்சையப் பாத்துட்டு, சரி வியாபாரத்துல இருக்காரு, எதுக்குத் தொந்தரவுன்னு வச்சுட்டேன். மஞ்சளா இருந்தா ஓடியிருக்க மாட்டேனா? இருக்கறது ரெண்டு தெரு தள்ளி." பிடி இறுகியது. "என்னமோ சொல்ல வந்தியே?"

"தண்ணி குடிம்மா. தொண்ட கட்டிப்போச்சு உனக்கு" என்றாள் மகள்.

எடுக்கப்போகிற நேரத்தில் அப்பாவின் அக்கா வந்து சேர்ந்தாள். "தம்பி, தனியாக் கிடந்து என்ன பாடு பட்டியோடா!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். குரல் எழும்பவில்லை. மகளைப் பார்த்தாள்.

மகள் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "இல்ல அத்தை. அப்பா கஷ்டப்படல. சாயங்காலம் வரைக்கும் கம்ப்யூட்டர்லதான் இருந்தார். ஒருத்தர் மீன் சாஞ்சு கிடக்குன்னு எழுதியிருந்தார். தண்ணிய மாத்துங்க, மருந்து போடுங்கன்னு எல்லாத்துக்கும் பதில் எழுதியிருக்கார். அதுக்கப்புறந்தான்..."

அம்மா இதுவரை கேட்காத சேதி அது. கிட்டே நகர்ந்து வந்தாள்.

"அந்த மீனு பொழச்சுதாடி?"

"பொழச்சிடுச்சாம், அம்மா."

அம்மா தலையாட்டினாள். அப்பாவின் நெற்றியில் உட்கார்ந்திருந்த ஈயை விரட்டினாள். பிறகு அவர் காதருகே குனிந்து, கட்டிப்போன குரலில் சொன்னாள்.

"கேட்டீங்களா? பொழச்சிடுச்சாம்."